தூக்குவாளியில் வந்த கொடி

தொப்புள்கொடிக்குள் ஓடுவது தாயின் ரத்தம் என்று நம்பியவன் நான். யாரோ சொல்லக் கேட்டு நம்பியிருந்தால்கூட மன்னிக்கலாம். பாண்டிச்சேரியில் லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்து, சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, காரைக்கால் தருமபுரத்து வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, அதன் அடியில் நின்றுகொண்டு நம்பினேன். அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு ஒரு குழாய் போகிறது. டேங்கில் இருப்பதுதானே குழாயில் வரும்? இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் பிரசவ ஆஸ்பத்திரியை நடத்திய மதலேன் டாக்டரம்மா ஒரு சின்னக் குழாயில் கொடி ரத்தத்தைக் கொடுத்து குரூப் பார்க்கச் சொன்னார். தாய் ஓ. குழாயில் இருந்தது பி. மறுபடி பார்த்தேன். பிடிவாதமாக பி. டேங்கில் ஓ, குழாயில் பி என்றால் நடுவில் என்னவோ நடந்திருக்கிறது. லேப் கதவைச் சாத்திக்கொண்டு அந்தோணியாரை வேண்டினேன். பிறகு டாக்டரம்மாவின் காதருகே போய்க் கேட்டேன்.

"டாக்டரம்மா, போலீசுக்குச் சொல்லணுங்களா?"

"எதுக்கு?"

"பிள்ளை மாறிட்டுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "அருளப்பன், இன்னிக்கு எத்தனை பிரசவம்?"

"ஒண்ணுதாங்க."

"அப்ப யாரோட மாறிச்சு?"

விரலை மடக்கி மறுபடி எண்ணிப் பார்த்தேன். ஒன்றுதான் வந்தது.

கொடியில் ஓடுவது பிள்ளையின் சொந்த ரத்தம், அம்மாவின் ரத்தம் கொடியின் மறுமுனையில் ஒட்டியிருக்கும் நஞ்சு வரைக்கும் வந்து சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். "எப்பவாவது பிள்ளை ரத்தம் கொஞ்சம் அம்மா பக்கம் சிந்திடும். வம்பு அங்கதான் ஆரம்பம்" என்றார் டாக்டரம்மா. அந்த வம்பைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது நான் வேலையில் இல்லை. எல்லாரும் வயது முடிந்து ஓய்வு பெறுவார்கள். நான் கண் முடிந்து ஓய்வு பெற்றவன். ரத்த அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டனவா இல்லையா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதுதான் என் தொழில். ஐம்பதைத் தொடுவதற்குள் இரண்டு கண்ணிலும் மங்கல். ஒட்டாததெல்லாம் ஒட்டியதாகத் தெரிய ஆரம்பித்ததும் நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். "கண்ணு போனா என்ன, வாய் அப்புடியேதானே இருக்கு" என்கிறாள் என் மனைவி.

என் நாற்காலியில் இப்போது உட்காரும் ஜெயந்தி போன மாதம் வீட்டுக்கு வந்தது. அதன் சொந்தக்காரர்கள் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார்களாம்.

"அண்ணே, அங்க தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து வச்சு, ரத்தம் கெட்டுப்போன வேற பிள்ளைக்கு ஏத்திப் பொழைக்க வச்சிட்டாங்களாம். நெசங்களா?"

"இருக்கும். அவுங்க செய்வாங்க."

"நாம அத வாளியில ஊத்திக் கழுவி விடுறோமே!"

"எல்லாத்தையும் ஊத்தலடி. ஒரு குழாய் எடுத்தோமே."

"அதத்தான் எழுதிக் குடுங்கன்றேன். பிரசவத்துக்கு வர்றவங்க பெஞ்சில சும்மா உக்காந்து சினிமாப் புத்தகம் படிக்கிறாங்க. இதையும் படிக்கட்டும். கொஞ்சம் சிரிப்பா எழுதுங்கண்ணே, அப்பதான் படிப்பாங்க."

சிரிப்பாக எழுதுவதில் எனக்குச் சிரமம் இல்லை. காரைக்காலில் நான் வாயைத் திறந்தாலே சிரிப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் சிரிப்பு பாதி வழி வரைக்கும்தான் வரும். மீதி வழி நடந்துதான் போக வேண்டும்.

முதலில் டாக்டரம்மா கொடி ரத்தம் எடுக்கிற விதத்தைச் சொல்கிறேன். பிள்ளை வெளியே வந்ததும் கொடியில் இரண்டு இடத்தில் இடுக்கி போடுவார். நடுவில் ஒரு வெட்டு. பிள்ளை ஒரு பக்கம் அழுதுகொண்டே போய்விடும். மற்ற முனை இன்னும் நஞ்சோடு சேர்ந்து தாய்க்குள் இருக்கும். அந்த முனையில் மிச்சம் நிற்கிற ரத்தம்தான் நமக்கு வேண்டியது. தாய்க்கும் வலி இல்லை, பிள்ளைக்கும் வலி இல்லை. எடுக்காவிட்டால் வாளிக்குப் போகும்.

எடுப்பதற்கு முன்னால் கொடியைக் காய்ந்த துணியால் துடைப்பார். ஒரு தடவை இல்லை, துணி மாற்றி மாற்றித் துடைப்பார். கொடியைச் சுற்றி நுங்குத் தண்ணீர் மாதிரி ஒரு வழவழப்பு இருக்கும். அது ரத்தத்தில் கலந்தால் அணுக்கள் காரணமே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். அதைச் சரியாகக் கழுவாமல் நான் ஒரு வாரம் முழுக்க குழாய் வந்த எல்லாப் பிள்ளைக்கும் ஏபி, ஏபி என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மரியாதை உயரும். 'அருளப்பன்' போய், பிரெஞ்சுக்காரர்கள் 'ஐயா' என்பதற்குச் சொல்கிற 'மெஸ்யே' வந்துவிடும். 'வா, போ' எல்லாம் 'வாங்க, போங்க' ஆகிவிடும்.

"மெஸ்யே, காரைக்கால்ல திடீர்னு எல்லாரும் ஏபியாப் பொறக்குறாங்க. ஏதாவது அதிசயங்களா? மாதா கோயில் சாமியாருக்குச் சொல்லி மணி அடிக்கச் சொல்லட்டுங்களா?"

அதற்குப் பிறகு நான் அணுக்களை உப்புத் தண்ணீரில் கழுவிய கழுவலில் அவை வெளுத்துப்போகாதது ஆச்சரியம்.

துடைத்த பிறகு கொடியின் பருத்த நரம்பில் ஊசியை இறக்கி மெல்ல இழுப்பார். அவசரப்பட்ட நர்ஸ் யாராவது கொடியைப் பிடித்துப் பிழிந்தால், "மாட்டு மடியா அது?" என்பார். குழாயில் ரத்தம் விழுவதற்கு முன்னாலேயே தாயின் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உரக்கப் படிப்பார். மேசையில் கிடக்கிற தாய் முனகிக்கொண்டே "ஆமா" என்று சொல்ல வேண்டும். அந்த 'ஆமா' வராமல் ஒரு குழாயும் என் லேப்புக்கு வந்ததில்லை.

எல்லாத் தாய்க்கும் இது எடுப்பதில்லை. ரத்தத்தில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று ஒன்று உண்டு. தாய் நெகட்டிவாகவும் தகப்பன் பாசிட்டிவாகவும் இருந்து, பிள்ளை தகப்பனைக் கொண்டு பிறந்தால், பிரசவத்தில் பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாய்க்குள் சிந்தும். தாயின் உடம்பு, 'இவன் யாரு, நம்ம ஆள் இல்லையே' என்று முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். மூத்த பிள்ளை அதற்குள் வெளியே வந்து தப்பித்துவிடும். அடுத்த பிள்ளை அதே முகத்தோடு வயிற்றுக்குள் வரும்போது உடம்பு தடியோடு நிற்கும். பிள்ளையின் ரத்தம் உடையும். சோகை வரும், மஞ்சள் ஏறும். பிறந்த பிறகு அந்த மஞ்சள் மூளைக்குப் போய்விட்டால் திரும்பி வராது.

மூத்த பிள்ளையின் கொடி ரத்தத்தைப் பார்த்து அது பாசிட்டிவ் என்று தெரிந்தால், மூன்று நாளைக்குள் தாய்க்கு ஒரே ஒரு ஊசி. ஞாபகம் பதியாமலே போய்விடும். ஊசி போடாமல் ஞாபகம் பதிந்துவிட்டால், அடுத்த பிள்ளையின் கொடி ரத்தம் மஞ்சள் ஏறுவதற்கு முன்பே ஆபத்தைச் சொல்லிவிடும். உடனே பிள்ளையின் ரத்தத்தை மாற்றலாம். பெஞ்சில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களே, அந்தச் சின்னக் குழாயின் நன்மை இவ்வளவுதான். இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை என்றுதான் நாங்களும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எழுபதுகளின் கடைசியில் வசந்தா வந்தாள். கடலோரத் திருவேட்டக்குடிப் பெண். டவுனை ஒட்டிய கோவில்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். புருஷன் நடராஜன் டவுனில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. சைக்கிளில் அவளை முன்னால் உட்கார வைத்து, முட்டைக்கூடையை ஏற்றியது போல ஓட்டிக்கொண்டு வருவார். இரண்டாவது பிரசவம். மூத்தது பெண். தாய்வீட்டில், ஊர் மருத்துவச்சி கையில் பிறந்து, கொடியும் நஞ்சும் அன்றே கொல்லையில் மண்ணுக்குள் போய்விட்டன. வசந்தாவின் குரூப்பை யாரும் பார்த்ததில்லை. முதலில் பார்த்தது நான்தான். நெகட்டிவ். நடராஜன் பாசிட்டிவ். அவளுடைய ரத்தத்தில் தடி தயாராக இருந்தது. மாதாமாதம் பார்த்தோம், மாதாமாதம் தடி பருத்தது.

மூத்தவளின் கொடியில் ஒரு குழாய் எடுத்திருந்தால், அந்த ஒரு ஊசி போட்டிருந்தால் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? "பிள்ளைக்கு ரத்தம் மாத்தணும். ஓ நெகட்டிவ் வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

ஓ நெகட்டிவ் நான். ஊரில் எனக்குத் தெரிந்து வேறு ஆள் இல்லை; நான் கைகாட்டித் தப்பித்துக்கொள்ள ஒருவரையாவது ஆண்டவர் படைத்திருக்கலாம். பிறரைக் குத்திச் சம்பளம் வாங்குகிற நான் ஊசி என் பக்கம் திரும்பினால் மயங்கி விழுகிறவன். இது ஆஸ்பத்திரிக்கே தெரியும். வசந்தாவுக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள்.

"அண்ணே, உங்க ரத்தத்த ஏத்துனா பிள்ளை உங்களாட்டம் பயந்தாங்கொள்ளியா வருமா?"

"பயம் ரத்தத்துல இல்லம்மா, முழங்கால்ல இருக்கு. அத நான் குடுக்கப்போறதில்ல."

"கோணங்கித்தனம்?"

"அது இலவசமா வரும்."

அவள் சிரித்துக்கொண்டே வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். நடராஜன் சிரிக்க மாட்டார். டாக்டரம்மா சொல்வதை ஒரு சொல் விடாமல் காதில் வாங்குவார். ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா சொல்வது இதுதான்: "கொடி ரத்தம் முக்கியம். அது என் கைக்கு வரணும். ஒரு சொட்டு வீணாகக் கூடாது. அத வச்சுத்தான் மத்ததெல்லாம்."

"வந்துடுங்க டாக்டரம்மா. நான் பொறுப்பு" என்பார் நடராஜன்.

கார்த்திகை பிறந்து மழை பிடித்துக்கொண்டது. வசந்தாவின் தம்பிக்கு நிச்சயம் என்று அவளைத் திருவேட்டக்குடிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். போன இடத்தில், சொன்ன தேதிக்கு முன்னாலேயே வலி கண்டுவிட்டது. இது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது மறுநாள் பகலில் நடராஜன் சைக்கிளோடு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றபோதுதான். மழைக்குத் தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தார். இடுப்பு வரை சேறு. ஹாண்டில்பாரில் ஒரு தூக்குவாளி. வாயை வாழை இலையால் மூடி நாரால் கட்டியிருந்தது.

"ஆம்பளப் பிள்ளைங்க!" என்றார். முகமெல்லாம் பல்.

"சந்தோஷங்க! வாளியில என்ன, ஜீனியா?" என்று கேட்டேன்.

"கொடிங்க. நஞ்சோட அப்புடியே கொண்டாந்துட்டேன். மாமியாரு பொதைக்கணும்னு ஒரே பிடிவாதம். சண்ட போட்டு வாங்கியாந்தேன். ரெண்டு பக்கமும் நூலால கட்டச் சொல்லித்தான் வெட்டுனாங்க. டாக்டரம்மா சொன்ன மாதிரியே, ஒரு சொட்டு கீழ விடலைங்க."

டாக்டரம்மா வெளியே வந்தார். வாளியைப் பார்த்தார். நடராஜனுக்குப் பின்னால் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"பிள்ளை எங்க?"

"வீட்டுல இருக்குங்க."

"வசந்தா?"

"அவளும் வீட்டுலதாங்க. தீட்டுக் கழியாம பெத்தவளும் பிள்ளையும் வாசப்படி தாண்டக் கூடாதுங்களே." அவருக்கு டாக்டரம்மாவின் முகம் புரியவில்லை. வாளியை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். "கொடிதான் முக்கியம்னு சொன்னீங்க, கொண்டாந்துட்டங்களே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதைச் சொல்லாமல் விட மாட்டேன். வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்தது, டாக்டரம்மாவைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மாதக்கணக்கில் அந்த மனிதருக்கு ரத்தம், ரத்தம் என்று சொன்னோம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

"மெஸ்யே அருளப்பன்" என்றார். குரல் காற்றாக வந்தது. "டெஸ்ட்டைப் போடுங்க."

நஞ்சின் மேல் பக்கத்து நரம்பில் இன்னும் உறையாத ரத்தம் இருந்தது. எடுத்தேன். கழுவினேன். மருந்தைச் சொட்டி, கையால் சுற்றும் மெஷினில் சுற்றி, குழாயை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். தட்டினால் அணுக்கள் புகை மாதிரி கலைய வேண்டும். கலையவில்லை. ஈரல் துண்டு மாதிரி ஒரே கட்டியாக நின்றது. சோகையும் இருந்தது. பிள்ளைக்கு உடனே ரத்தம் மாற்றியாக வேண்டும் என்று அந்தக் குழாய் சொல்லிவிட்டது. சொல்ல வேண்டியதை அது சரியாகத்தான் சொன்னது. அது சொன்னதை வைத்துச் செய்ய வேண்டிய பிள்ளைதான் எங்களிடம் இல்லை.

டாக்டரம்மாவே கிளம்பியிருப்பார். பிரசவ அறையில் இன்னொருத்திக்குப் பிள்ளையின் தலை தெரிந்துகொண்டிருந்தது. "நீ போ. பிள்ளையோட வா" என்று தன் காரைக் கொடுத்து அனுப்பினார். நானும் நடராஜனும் போனோம். கோட்டுச்சேரி தாண்டியதும் ரோட்டின் மேல் தண்ணீர். டிரைவர் நிறுத்திவிட்டார், கார் அங்கேயே நிற்க, நாங்கள் இறங்கி நடந்தோம். என் செருப்பில் ஒன்றை வாய்க்கால் கொண்டுபோனது. இன்னொன்றை ஏன் கையில் பிடித்துக்கொண்டே போனேன் என்று எனக்குத் தெரியாது. வசந்தாவின் வீட்டு வாசலில் நின்றபோதும் அந்த ஒற்றைச் செருப்பு என் கையில் இருந்தது.

கூடத்தில் இருந்த பெண்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. "இவருதான் அந்த ஆஸ்பத்திரி அண்ணன். வசந்தா சொல்லுமே" என்று ஒருத்தி சொன்னாள். சிரிப்பு கிளம்பியது. எனக்குப் பேச்சுக் குழறியது. குழறக் குழறச் சிரிப்பு ஏறியது.

"சிரிக்காதீங்கம்மா! பிள்ளைய உடனே கொண்டு போவணும். ரத்தம் ஒடையுது" என்றேன்.

வசந்தாவின் அம்மா நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றார். "தீட்டு வீடு தம்பி, உங்களுக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்க முடியல. கொடிதான் குடுத்தனுப்புனோமே. அதப் பாத்து மருந்து குடுங்க. மாப்பிள்ளை கொண்டாந்துடுவாரு."

"மருந்து இல்லம்மா. ரத்தத்த மாத்தணும். பிள்ளை அங்க இருக்கணும்."

"மூத்ததுக்கும் லேசா மஞ்சள் இருந்துச்சு. வெயில்ல காட்டுனோம், போயிட்டு."

"இது அது இல்லம்மா."

"வெயில் வரட்டும், காட்டுறோம்."

பிள்ளையைக் காட்டினார்கள். மழை இருட்டில் அந்த அறையில் மஞ்சளும் தெரியவில்லை, வெள்ளையும் தெரியவில்லை. தூங்கிக்கொண்டிருந்தது. "ரொம்ப சமத்து. பாலுக்குக்கூட அழ மாட்டேங்குது" என்றார்கள் பெருமையாக. எனக்கு அந்தச் சமத்துப் பிடிக்கவில்லை.

உள்ளேயிருந்து வசந்தாவின் குரல் வந்தது. "அண்ணே, நான் வரேன்." சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு அடி வைத்தாள், கண் இருட்டி அப்படியே சரிந்தாள். அம்மா தாங்கிப் பிடித்து என்னைப் பார்த்தார். "பாத்தியளா தம்பி? இவளயா அந்தத் தண்ணியில நடக்கச் சொல்றிய?"

அவளுடைய அப்பா கலியபெருமாள் திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். படகு வைத்திருந்தவர். வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ராத்திரியோட விட்டுடும் தம்பி. எனக்குத் தெரியும். விடிஞ்சதும் பிள்ளையையும் அவளையும் நானே கொண்டாந்து சேக்குறேன். கடல் மேல சத்தியம். தீட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

நியாயமான பேச்சு. மயங்கிக் கிடக்கும் தாயை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் பறித்துக்கொண்டு போகவும் முடியாது, இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. நான் திரும்பினேன். நடராஜன் அங்கேயே தங்கிவிட்டார். கார் வரைக்கும் நடந்தபோது ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்: விடியட்டும், வந்துவிடுவார்கள், என் ரத்தத்தை எடுப்பார்கள், நான் மயங்குவேன், எல்லாரும் சிரிப்பார்கள், முடிந்தது.

"பிள்ளை?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"காலையில வர்றாங்களாம்."

"காலையில" என்று திருப்பிச் சொன்னார். மரியாதைகூடக் கூட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கலியபெருமாளின் கணக்கு அந்த ஒரு தடவை தப்பியது. மழை விடவில்லை. வாய்க்கால் உடைந்து ரோடு போனது. காலையில் டாக்டரம்மாவின் கார் கோட்டுச்சேரி வரைக்கும்கூடப் போக முடியவில்லை. அவர் பிரசவ அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். நான் லேப்பில் இருந்த குழாய்களை எல்லாம் கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன்.

அதற்கும் மறுநாள் வந்தார்கள். கலியபெருமாள் தலையில் மீன் கூடை. அதில் பழைய வேட்டியை மடித்துப் போட்டு, மேலே பனை ஓலையைக் கவிழ்த்து, பிள்ளையைக் கொண்டு வந்தார். கழுத்தளவு தண்ணீரில் தலைச்சுமையாகக் கடந்திருக்கிறார். பின்னால் நடராஜனின் தோளைப் பிடித்துக்கொண்டு வசந்தா. வயிற்றைச் சேலையால் இறுக்கிக் கட்டியிருந்தாள். பிள்ளையின் கண் மஞ்சளாகிப் பால் குடிப்பதை நிறுத்தியதும் அவளே வாசப்படியைத் தாண்டிவிட்டாளாம். அதன் பிறகு அவள் அம்மாவும் தடுக்கவில்லை.

டாக்டரம்மா ஓலையை எடுத்துப் பார்த்தார். பிள்ளை அரைத்த மஞ்சள் போல் இருந்தது. கழுத்து பின்பக்கமாக வளைந்திருந்தது. அழுகை பூனைக்குட்டி கத்துவது போல மெல்லிசாக, கூர்மையாக வந்தது. "உள்ள வாம்மா" என்று வசந்தாவிடம் சொன்னார். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை.

என்னைப் படுக்க வைத்தார்கள். ஊசி போகும்போது, நான் ஆண்டவரிடம் பேசிய பேச்சை எழுதினால் சாமியார் என்னைக் கோயிலுக்குள் விட மாட்டார். "எனக்கு மிச்சம் வைப்பீங்களா சிஸ்டர்?" என்று கேட்டேனாம். பாட்டில் நிறைவதற்கு முன்பே மயங்கிவிட்டேன். மயங்கியதும் நல்லதுதான்; மயக்கத்திலும் ரத்தம் வந்துகொண்டிருந்தது என்று நர்ஸ் சொன்னார். முழித்தபோது பக்கத்தில் கலர் சோடா பாட்டில் இருந்தது. அடுத்த அறையிலிருந்து டாக்டரம்மாவின் குரல் ஒரே தாளத்தில் வந்துகொண்டிருந்தது. "எடுக்குறேன்." நர்ஸ், "எடுத்தாச்சுங்க" என்பார். "குடுக்குறேன்." "குடுத்தாச்சுங்க." தொப்புளில் மிச்சமிருந்த கொடியின் வழியாகவே கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் கொடுத்து, எடுத்து, கொடுத்து. ஒரு தடவைகூட அந்தத் தாளம் தப்பவில்லை. இருட்டும் வரைக்கும் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

மஞ்சள் இறங்கியது. சில நாளில் பிள்ளை பால் குடித்தது. கழுத்தும் நேரானது. கலியபெருமாள் எனக்கு ஒரு பெரிய வஞ்சிரம் கொண்டு வந்து கொடுத்து, "இனிமே இவன் உங்க ரத்தம்" என்றார். தீட்டு, சாதி, சாமி என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. வசந்தா மட்டும், "பயந்தாங்கொள்ளியா வந்தான்னா உங்ககிட்டயே கொண்டாந்து விட்டுடுவேன்" என்றாள். நானும் எதையோ சொல்லிச் சிரிக்க வைத்தேன். அந்த மாதங்களில் நாங்கள் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தோம்.

டாக்டரம்மா அப்படி நினைத்தாரா தெரியாது. அதற்குப் பிறகு அவர் எந்தத் தகப்பனிடமும் கொடி ரத்தம் என்று பேச்சை ஆரம்பித்ததில்லை. "வலி எங்க வந்தாலும், எந்த ஊர்ல வந்தாலும், பெத்தவளும் பிள்ளையும் இங்க வரணும். தீட்டு இருந்தா எங்க வாசல்ல விட்டுட்டு வாங்க, நான் கழுவிக்கிறேன்" என்பார். ரத்தத்தைப் பற்றிக் கடைசியில்தான் சொல்வார். மழைக்காலத்தில் தேதி வரும் நெகட்டிவ் தாய்மார்களை முன்கூட்டியே வரவழைத்து ஆஸ்பத்திரியில் தங்க வைத்தார். இடம் இல்லாதபோது தன் வீட்டுக் கூடத்தில் பாய் போட்டார்.

படிக்கிற தகப்பன்மார்களும் அதையே கேட்டுக்கொள்ளுங்கள். பிரான்சில் கொடி ரத்தத்தை வைத்து என்னென்னவோ செய்வார்கள், நாளைக்கு இங்கேயும் செய்வார்கள். எனக்கு அதைச் சொல்லப் படிப்புப் போதாது. உங்கள் மனைவியின் குரூப்பைக் கேளுங்கள். முதல் பிள்ளையிலேயே கேளுங்கள். நெகட்டிவ் என்றால் பிரசவத்துக்குத் தாய்வீடு வேண்டாம்.

வசந்தா பையனைத் தூக்கிக்கொண்டு மறுபடி வந்தபோது அவன் தவழ்கிற வயது. லேப் வாசலில் நின்றாள். வழக்கமான கிண்டல் இல்லை.

"அண்ணே, வீட்டுல எவர்சில்வர் அண்டா உருண்டு விழுந்துச்சு. தெருவே திரும்பிப் பாத்துச்சு. இவன் பக்கத்துல உக்காந்திருந்தான். திரும்பலண்ணே."

டாக்டரம்மா அவனுக்குப் பின்னால் நின்று கை தட்டினார். கிண்ணத்தைக் கரண்டியால் அடித்தார். அவன் என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். சிரித்தான். பிறகு பாண்டிச்சேரிக்கும் மெட்ராசுக்கும் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் ஒன்றேதான் சொன்னார்கள். மூன்று நாள் ஏறிய மஞ்சளில் அவனுக்கு இரண்டு காதும் போயிருந்தன.